ஆறு பவுண்டர் புட்டு

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஹெலனின் புட்டுக் குழலைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுப்பிலிருந்து இறக்கச் சொல்லி, ஆறும்வரை காத்திருந்து, கோணிப்பையில் சுற்றி, ஜீப்பின் பின்சீட்டில் தனியாக உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். உள்ளே பாதி வெந்த புட்டு இருந்தது.

பொத்தேரியில் மாணவர் விடுதிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஹெலன் மெஸ் ஆறு வருடமாக நடக்கிறது. நான்கு மேசை. காலையில் புட்டும் கடலைக் கறியும், வேறெதுவும் கிடையாது. கேரளத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று சாப்பிடுவார்கள். வீட்டில் அம்மா போடுவதைவிட இது நன்றாக இருக்கிறது என்பார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்வார்கள்.

பெருமை எல்லாம் குழலுக்குத்தான். பித்தளை. ஓர் அடி நீளம். கனம். அடிப்பக்கம் தட்டையாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஓட்டையின் மேல் துளை போட்ட தகட்டை வைத்து, மாவைக் கொட்டி, தண்ணீர்க் குடத்தின் வாயில் துணி சுற்றி நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் மூன்று பேருக்குப் புட்டு. வாய்ப்பக்கம் மயிரிழை குறுகலாக இருக்கும். அதனால் கழியால் தள்ளும்போது புட்டு இறுகி, உதிராமல், கட்டையாக வெளியே வரும்.

அதைக் கொடுத்தது ஹெலனின் கணவன் ஜெரோமின் அண்ணன் சின்னராசு. திருவிடந்தையில் ஒரு ரிசார்ட்டுக்கு நீச்சல்குளம் தோண்டும் வேலைக்குப் போயிருந்தபோது மணலில் அகப்பட்டது. மெஸ் திறப்பு விழாவுக்கு அன்பளிப்பு வாங்க வேண்டியிருந்த வாரம் அது. புளி போட்டுத் தேய்த்து, மாமல்லபுரத்துப் பாத்திரக்கடையில் கொடுத்துப் பெயர் வெட்டி எடுத்துவந்தார். ஓட்டையைச் சுற்றி ஏற்கெனவே ஏதோ எழுத்து இருந்தது. அதன் மேலேயே வெட்டச் சொன்னார். வாங்குகிறவர் பெயர் சிறியதாகவும் கொடுக்கிறவர் பெயர் பெரியதாகவும் வெட்டுவது ஊர் வழக்கம். சின்னராசு அந்த வழக்கத்தைச் சிறப்பாகக் கடைப்பிடித்திருந்தார்.

என்.சி.சி.யில் இருக்கும் ஒரு பிள்ளை புதன்கிழமை அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்தான் வினை பிடித்தது. ஆன்ட்டி, இது பீரங்கித் தோட்டா என்றான். வீடியோ எடுத்தான். ‘பீரங்கியில் புட்டு’ என்று பெயர் வைத்துப் போட்டான். இரவுக்குள் அது நாற்பதாயிரம் பேரிடமும் ஒரு சப் இன்ஸ்பெக்டரிடமும் போய்ச் சேர்ந்தது.

சப் இன்ஸ்பெக்டர் ரஞ்சித்குமார் இளவயதுக்காரர். நிதானமானவர். மேசையின் இந்தப் பக்கம் ஹெலனும் ஜெரோமும் நின்றார்கள். அந்தப் பக்கம் அவர் இருந்தார். நடுவில் குழல் கோணிப்பை மேல் கிடந்தது.

“இது உன்னுதா?”

“என்னுதுதான் சார்.”

“உன்னுதுன்னு என்ன ஆதாரம்?”

ஹெலன் குழலைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்து, வட்டமாகப் போன எழுத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்.

“ஹெலன் மெஸ் திறப்பு விழா. அன்பளிப்பு, சின்னராசு, திருவிடந்தை.”

பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒம்போது வருஷ சர்வீஸ்லம்மா, வெடிபொருள் மேல தேதி, விலாசத்தோட பேரு வெட்டி வெச்ச ஆளை இப்பதான் பாக்கறேன்.”

“தேதி போடல சார்,” என்றான் ஜெரோம். “எடம் பத்தல.”

“நீ சும்மா இருய்யா,” என்றாள் ஹெலன். “சார், அது பாத்திரம் சார்.”

“யார் இந்த சின்னராசு?”

“எங்க வூட்டுக்காரோட அண்ணாத்த.”

“போன் போடு.”

ஜெரோம் ஸ்பீக்கரில் போட்டான். “அண்ணாத்த, நாங்க ஸ்டேஷன்ல கீறோம். நீ குடுத்தியே ஒரு பித்தள...” என்று ஆரம்பித்தான். அங்கே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. மறுபடி போட்டபோது போன் அணைந்திருந்தது. சின்னராசு அன்று மத்தியானமே செய்யூர்ப் பக்கம் போய், சொந்தக்காரர் ஒருவரின் சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறார் என்றும், சோறு கொண்டுபோனால்கூட மரத்துக்குப் பின்னாலிருந்துதான் கையை நீட்டுகிறார் என்றும் பிற்பாடு தகவல் வந்தது.

ரஞ்சித்குமார் சட்டத்தைச் சொன்னார். சென்னையிலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் திங்கட்கிழமை வருவார்கள். பார்த்து, இன்ன பொருள், இன்ன ரகம், ஆபத்து உண்டு, இல்லை என்று எழுதித் தருவார்கள். அதுவரை குழல் ஸ்டேஷன் வாசலில் மணல் வாளிக்குள் இருக்கும்.

ஹெலனுக்குத் திங்கட்கிழமை உதவாது. சனிக்கிழமை காலையில் பெரிய விடுதி ஒன்றில் நூற்றிருபது பேருக்குப் புட்டு கேட்டிருந்தார்கள். வார்டன் சாப்பிட்டுப் பார்ப்பார். பிடித்தால் தினமும் காலை நாஸ்தா அங்கே ஹெலன் மெஸ்தான். ஆறு வருடமாக நான்கு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு கதவு திறந்தது இதுதான் முதல் தடவை.

அன்று பகல் முழுவதும் கடனாக வாங்கிய எவர்சில்வர் குழலில் போட்டுப் பார்த்தாள். மாவை மாற்றிப் போட்டாள். தண்ணீரைக் கூட்டிக் குறைத்தாள். தட்டில் தள்ளியதும் புட்டு ஒரு பெருமூச்சு விட்டுப் பொடியாக உட்கார்ந்தது.

“உப்புமான்னு சொல்லிக் குடுத்துரலாமா?” என்றான் ஜெரோம்.

அவள் பார்த்த பார்வையில் அவன் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

மாலையில் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனாள். வாசலில் மணல் வாளிக்குக் காவலாக ஏட்டு மார்கரெட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளிதான் உட்கார்ந்திருந்தார்.

“அழுவாத ஹெலன். செங்கல்பட்டுல ராமானுஜம்னு ஒருத்தர் கீறாரு. கெணறு தோண்டறவன், ஏரி வெட்டறவன் எவன் பழைய தோட்டா கொண்டாந்தாலும் அவராண்டதான் காட்டுவோம். வூடு பூரா காலித் தோட்டாவா வெச்சிருக்காரு. இன்ன ரகம்னு அவர் எழுதிக் குடுத்தா எஸ்.ஐ. ஏத்துப்பாரு. நான் பேசறேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஜெரோமின் ஆட்டோவில் செங்கல்பட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த அவர் மனைவி ரங்கநாயகி அம்மாள், அவர்கள் வாயைத் திறக்குமுன்னே மாடியைக் காட்டினார்.

“தோட்டா விஷயம்தானே? மேல இருக்கார். கொடுக்க வந்தேளா, எடுத்துண்டு போக வந்தேளா?”

“பாக்கச் சொல்லிக் கூப்ட வந்தோம்மா.”

“எடுத்துண்டு போறவா யாருமே வரமாட்டேங்கறா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ராமானுஜத்துக்கு எழுபத்தொரு வயது. எடையளவுத் துறையில் ஆய்வாளராக முப்பத்துநாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். இப்போது மாடியில் எண்பத்திரண்டு காலித் தோட்டாக்களை உயர வரிசையில் நிற்கவைத்து, ஞாயிறுதோறும் துணியால் துடைத்து, அளந்து வைத்தார். போன ஞாயிறு அளந்ததையேதான் அளந்தார். மாறியிருக்காது என்று ஒருவன் நம்பிவிட்டால் அப்புறம் துறை எதற்கு என்பது அவர் கட்சி.

ஹெலன் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“அடியில என்ன புள்ளி புள்ளியா?”

“பேர் வெட்டினது சார்.”

“எதும்மேல?”

“அதும்மேலதான்.”

ராமானுஜம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, துக்கம் விசாரிக்கும் குரலில், “வண்டி இருக்கா?” என்று கேட்டார்.

ஸ்டேஷனில் அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். மார்கரெட் மணல் வாளியிலிருந்து குழலை இரண்டு விரலால் எடுத்துவந்து வைத்தார். ராமானுஜம் பெட்டியைத் திறந்து அளவுகோலையும், பல்போல நீளும் வெர்னியர் அளவியையும், பூதக்கண்ணாடியையும் எடுத்து அடுக்கினார். ஸ்டேஷனே சுற்றி நின்றது.

“நீளம் முந்நூத்தேழு மில்லிமீட்டர். வாய் அம்பத்தேழு. இது ஆறு பவுண்டர் பீரங்கித் தோட்டா. கப்பல்லயும் கடற்கரைக் காவல்லயும் வெச்சிருந்தது. சுட்டாச்சு. மருந்தைப் பத்தவைக்கற மூடி அடியில இருந்தது, அதையும் கழட்டியாச்சு. அந்த ஓட்டைதான் இது.”

“அவ்ளோதான சார்,” என்றாள் ஹெலன். “எழுதிக் குடுத்துருங்க.”

“அவ்ளோ இல்லைம்மா. ஆறு பவுண்டர்ல ரெண்டு ரகம். ஒண்ணு நிஜக் குண்டு வெச்சுச் சுடறது. ஊரெல்லாம் கிடைக்கும், என்கிட்டயே ஏழு இருக்கு. இன்னொண்ணு வெறும் மரியாதை வேட்டுக்குன்னே பண்ணினது. கவர்னர் வந்தா, ராஜா வந்தா டொம்முனு சத்தம் மட்டும் போடும். அது அபூர்வம். எந்த ரகம்னு அடியில எழுத்து அடிச்சிருப்பா.” பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். “இருந்திருக்கு. இங்கே ஒரு அம்புக்குறி தெரியறது. அதுக்கு மேல சின்னராசுவோட ‘ரா’ உட்கார்ந்திண்டிருக்கு.”

“அண்ணாத்த எப்பவுமே அப்டித்தான் சார்,” என்றான் ஜெரோம். “நல்ல எடமா பாத்து குந்திக்குவாரு.”

“அரசாங்க முத்திரைம்மா அது. அதும்மேல ஆணியால குத்தியிருக்கான். நான் சர்வீஸ்ல இருந்திருந்தா உள்ள தள்ளியிருப்பேன்.”

“அதுக்குத்தான் அவர் தோப்புக்குள்ள கீறாரு,” என்றாள் ஹெலன். “சார், எந்த ரகமா இருந்தா இன்னா. ஆபத்து இல்லன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்.”

“என்னன்னு தெரியாம ஆபத்து இல்லைன்னு எப்படி எழுதறது?”

“ஆறு வருஷமா அதுல புட்டு வெந்துகினு கீது சார்.”

“அது புட்டைப் பத்தின தகவல்.”

ரஞ்சித்குமாரும் தலையாட்டினார். படிவத்தில் ‘ரகம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து திரும்பி வந்துவிடும்.

ஹெலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றரை. நாளை விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும்.

“வேற வழியே இல்லியா சார்?”

“இருக்கு. மரியாதை வேட்டுத் தோட்டாவுல குண்டு கிடையாது. மருந்து சிந்தாம இருக்க நடுவுல ஒரு அட்டை மூடி வெப்பா. அந்த மூடி நிக்கறதுக்கு உள்பக்கமா மெல்லிசா ஒரு வளையப் பள்ளம் கடைஞ்சிருப்பா. கை நுழையாது. வெர்னியர் எட்டாது. உள்ளே ஒரே ஆவிக் கறை, கண்ணுக்கும் தெரியலை. மெழுகை உருக்கி ஊத்தி, ஆறினப்புறம் உருவி எடுத்தா உள்வடிவம் அச்சா வந்துடும். எங்க வட்டத்துல அப்படித்தான் பண்றது.”

“மெழுகா,” என்றாள் ஹெலன். “என் கொழல்லயா. நாளைக்கு நூத்தியிருவது பேருக்கு மெழுகுவத்திப் புட்டா?”

“அச்சு வேணுமேம்மா.”

“அச்சுதான வேணும்? நான் எடுக்கறேன். ஜெரோமு, போய் மாவும் கொடமும் எடுத்தா. தேங்கா வேணாம்.”

ராமானுஜம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் யோசித்தார். பச்சரிசி மாவு, ஈரப்பதம், ஆவியில் இறுக்கம், சுருங்கும் விகிதம். விரல்விட்டு எண்ணினார். “கோட்பாட்டளவுல தப்பில்லை,” என்றார்.

ஸ்டேஷன் பின்கட்டில் டீ போடும் அடுப்பு இருந்தது. வழக்கமாக ஹெலன் மாவுக்கு நடுவில் மூன்று இடத்தில் தேங்காய்த் துருவல் போடுவாள். அன்று துருவலே இல்லை. மாவை இரண்டு தடவை சலித்து, கையால் அழுத்தி அழுத்தி நிரப்பினாள். ஏட்டு மார்கரெட் சாட்சி. குடத்தில் தண்ணீர் கொதித்தது. தோட்டாவின் வாயிலிருந்து ஆவி கிளம்பியதும் இரண்டு காவலர்கள் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

முதல் புட்டு பாதியில் உடைந்தது. ஜெரோம் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டான். உடைந்ததைக் காவலர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள்.

“அது சாட்சிப் பொருள்,” என்றார் ரஞ்சித்குமார்.

“உடைஞ்ச சாட்சி சார்,” என்றார் ஒருவர், மென்றுகொண்டே.

இரண்டாவது புட்டை ஹெலனே தள்ளினாள். பிரசவம் பார்ப்பதுபோல மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். முழுதாக வந்து வாழையிலையில் படுத்தது. ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளை. தேங்காய் இல்லாததால் சுவர்போல வழுவழுவென்று இருந்தது.

ராமானுஜம் குனிந்தார். அடியிலிருந்து நான்கு விரற்கடை மேலே, புட்டைச் சுற்றி ஒரு மெல்லிய மேடு ஓடியது. நூல் கட்டியதுபோல. ஒரு பக்கம் கொஞ்சம் மழுங்கியிருந்தது. மற்றபடி முழு வட்டம்.

இவ்வளவு நாளும் அந்த இடத்தில் தேங்காய்த் துருவல் உட்கார்ந்து அதை மறைத்திருந்தது.

அவர் வெர்னியரைப் புட்டின் மேல் வைத்தார். ஒரு தடவை அளந்தார். மறுபடி அளந்தார். மேட்டை விரலால் தடவிப் பார்த்து, ஒரு துண்டை விண்டு உள்ளே பார்த்து, யோசித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு துண்டை விண்டு அதையும் போட்டுக்கொண்டார். வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்று ஆட்டோவில் வரும்போது அவரே இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஹெலன் அதை இப்போது ஞாபகப்படுத்தவில்லை.

“மரியாதை வேட்டு,” என்றார் ராமானுஜம். “சந்தேகமே இல்லை. ஜென்மத்துல இது ஒரு குண்டைக்கூட வெச்சிண்டதில்லை. சத்தம் மட்டும்தான்.”

உட்கார்ந்து எழுதினார். பொருள்: பயன்படுத்தப்பட்ட பித்தளைத் தோட்டா உறை, காலி. ரகம்: ஆறு பவுண்டர், மரியாதை வேட்டு. சோதித்த முறை என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கி, ‘அரிசி மாவு அச்சு, ஆவிமுறை’ என்று எழுதினார். ஆபத்து: இல்லை. கையெழுத்துப் போட்டார்.

ரஞ்சித்குமார் படித்தார். விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மாறியது.

“ஒரு சிக்கல். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி உபயோகிக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் கொடுக்கணும். பக்கவாட்டுல ஒரு ட்ரில்.”

“ஓட்டையா,” என்று ஹெலனும் ராமானுஜமும் சேர்ந்து சொன்னார்கள்.

“பக்கத்துல ஓட்ட போட்டா ஆவி பூரா அது வழியா பூடும் சார். புட்டு எப்டி வேவும்?”

“உலகத்துல எனக்குத் தெரிஞ்சு இதுல மூணுதான் இருக்கு சார். நாலாவதுல ட்ரில் போடறதா? என் சர்டிபிகேட்டைத் திருப்பிக் குடுங்கோ.”

“விதி சார். நான் என்ன பண்ண?”

ஹெலன் குழலைக் கையில் எடுத்தாள். துளைத் தகட்டைத் தட்டி எடுத்துவிட்டு, வாயை ரஞ்சித்குமாரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“உள்ள பாருங்க சார்.”

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“இன்னா தெரியுது?”

“ஓட்டை. ஓட்டை வழியா மார்கரெட்.”

“இதுல மருந்து போட்டா நிக்குமா?”

“கொட்டிடும்.”

“அப்ப ஓட்ட ஏற்கெனவே கீதுல்ல? விதியில ஓட்ட இருக்கணும்னு போட்டுக்குதா, ஓட்ட இந்தப் பக்கம்தான் இருக்கணும்னு போட்டுக்குதா?”

ரஞ்சித்குமார் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். பக்கம் எது என்று போட்டிருக்கவில்லை. ராமானுஜத்தைப் பார்த்தார்.

“இருபத்திரண்டு மில்லிமீட்டர்,” என்றார் ராமானுஜம் உடனே. “தாராளமான ஓட்டை. எழுதித் தரேன்.”

“எழுதுங்க,” என்றார் ரஞ்சித்குமார். வாசலில் நின்ற காவலர்களைப் பார்த்தார். “தேங்காய் போட்டு ஒண்ணு பண்ண முடியுமாம்மா? கேஸ் முடிஞ்சிடுச்சு.”

மணி இரண்டுக்குக் குழல் ஹெலன் மடியில் வந்தது. செங்கல்பட்டில் இறக்கிவிடப் போன ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமானுஜம் வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் கேட்டுவிட்டார்.

“அம்மா, இதை எனக்குக் குடுத்துடேன். இதைவிடப் பெரிய புட்டுக் குழலா, புதுசா வாங்கித் தரேன். பித்தளையிலயே.”

“இது மாதிரி ஒலகத்துல நாலுதான் கீதுன்னீங்களே சார்.”

“நாலுதான்.”

“அப்ப இது போனா எனக்கு வேற கெடைக்காது.”

“கிடைக்காது.”

“அப்புறம் எப்டி சார் குடுக்கறது?”

ராமானுஜம் யோசித்துப் பார்த்தார். அவர் கணக்கும் அதேதான்.

சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றியது. எட்டரைக்குள் நூற்றிருபது பேருக்கான புட்டும் உதிராமல் போய்ச் சேர்ந்தது. வார்டன் மூன்று சாப்பிட்டார். மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சாப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடு என்றார். ஹெலன் மெஸ்ஸுக்குத் திரும்பி, காலை நீட்டி உட்கார்ந்து, அழலாமா சிரிக்கலாமா என்று முடிவு செய்வதற்குள் வாசலில் ராமானுஜம் நின்றார். கையில் துணிப்பை.

“புட்டு தீந்துபோச்சு சார்.”

“அதுக்கு வரலை. இதை எதால தேய்க்கறேள்?”

“கம்பி நாருதான். அடிப்புடிச்சா செங்கல் தூளு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பாதி ராத்திரி தூங்காத முகமாக இருந்தது.

“ஆறு வருஷம் தேய்ச்சிருக்கேள். இன்னும் ரெண்டு வருஷம் தேய்ச்சா அந்த அம்புக்குறியும் போயிடும். அப்புறம் அடியில சின்னராசு மட்டும்தான் இருப்பான்.” துணிப்பையைத் திறந்தார். பூந்திக்கொட்டைத் தூளும் பழைய வேட்டித் துணியும் இருந்தன. “கேக்கறதுக்குத் தப்பா நினைக்கப்படாது. தினமும் காலம்பற ஒன்பது மணி ரயில்ல வரேன். இதை நான் கழுவித் தரேன்.”

ஹெலன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து தினம் நூற்றிருபது. கழுவ ஆள் தேடத்தான் வேண்டும்.

“கொழாய் பின்னால கீது சார்,” என்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். குழலை மடியில் கிடத்தி, குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவதுபோலத் தண்ணீர் விட்டார். எழுத்தைச் சுற்றி, ‘ரா’வைச் சுற்றி, ஒற்றை விரலில் துணி சுற்றித் துடைத்தார். அரை மணி ஆயிற்று. ஹெலன் உள்ளே போய்க் கடலைக் கறி அண்டாவை இழுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அடியில் ஓர் அங்குலத்துக்குப் பிடித்திருந்தது.

“சார், இதுல எழுத்து எதுவும் கெடையாது. நல்லா அழுத்தித் தேய்ங்க.”